மரத்தின் காயம் ஆறுமா?

கடலோர வீடுகளும் கிளை கழிக்கும் கலையின் வரலாறும்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை இருந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும், ஏக்கர் ஏக்கராக முந்திரித் தோப்புகளும் சாய்ந்தன. கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த எங்கள் வீட்டு வேம்பும் அன்றுதான் விழுந்தது. விழுந்த இடம் மாட்டுக் கொட்டகை. முதல் நாள் இரவு அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பசுவை அவிழ்த்துக் கொண்டுவந்து திண்ணையோரமாகக் கட்டியிருந்தார். அதனால் ஓடுகள் மட்டுமே நொறுங்கின.

மழை விட்டதும் நான் போய்ப் பார்த்தேன். வேர் பெயரவில்லை. அடிமரம் ஆள் உயரத்தில் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் உள்ளே வயிரம் இல்லை. பழுப்பு நிறத் தூள்தான் இருந்தது. சுற்றிலும் மூன்று விரல் கனத்துக்கு நல்ல மரம். ஒரு பக்கத்தில் அதுவும் இல்லை. அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தபோது பட்டையின்மேல் காய்ந்து வெடித்த தார்ப் பூச்சு தெரிந்தது.

அது 1998இல் பூசிய தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு மாணவன். கூரை ஓட்டின்மேல் சாய்ந்திருந்த ஒரு பெரிய கிளையை அப்பா ரம்பத்தால் அறுத்தார். மொட்டைக் கட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அடிமரத்தோடு அடிமரமாக வழவழப்பாக அறுத்துச் சமன் செய்தார். ‘காயத்துக்கு மருந்து’ என்று சொல்லித் தாரைக் காய்ச்சி இரண்டு முறை பூசினார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அப்பா கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. உலகெங்கும் தோட்டக்கலை நூல்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்ததைத்தான் அவர் செய்தார். அப்படியிருந்தும் மரம் சரியாக அந்த இடத்திலேயே ஏன் முறிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் இருநூறு ஆண்டு அறிவியல் வரலாறு ஒன்று நம் முன் விரிகிறது. வாருங்கள், அதைச் சற்று பார்ப்போம்.

சாணிக் களிம்பும் பாராளுமன்றமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு ஓக் மரம் உயிர்நாடியாக இருந்தது. போர்க்கப்பல்கள் ஓக் மரத்தால்தான் கட்டப்பட்டன. காட்டில் உளுத்துப்போன ஒவ்வொரு மரமும் கடற்படைக்கு நஷ்டம். அந்நாளில் அரச தோட்டங்களின் கண்காணிப்பாளராக இருந்தவர் வில்லியம் ஃபோர்சைத். மரங்களின் காயத்தை ஆற்றும் களிம்பு ஒன்றைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அறிவித்தார். அதன் செய்முறை 1791இல் வெளிவந்தது. பசுஞ்சாணம், பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரை, மரச் சாம்பல், கொஞ்சம் மணல் ஆகியவைதாம் அதன் சரக்குகள். பொந்து விழுந்த மரங்கள்கூட இந்தக் களிம்பால் முழு மரமாகிவிடும் என்றார் ஃபோர்சைத். பாராளுமன்றத்தின் பரிந்துரையின்பேரில் அவருக்கு 1,500 பவுன் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை.

இதை நம்ப மறுத்தவர்களில் ஒருவர் தாமஸ் ஆண்ட்ரூ நைட். ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்போன ஹெரிஃபோர்டு பகுதியைச் சேர்ந்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்காத மனிதர். உளுத்த மரம் மீண்டும் நல்ல மரமாக ஆகாது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். இருவருக்கும் கடுமையான வாதம் நடந்தது. 1804இல் ஃபோர்சைத் இறந்தார். களிம்பும் மெல்ல மெல்ல மறைந்தது. ஆனால் அந்தக் களிம்புக்குப் பின்னால் இருந்த எண்ணம் மறையவில்லை. மரத்துக்கும் நம்மைப் போலவே காயம் ஆறும், மருந்து தடவினால் விரைவில் ஆறும் என்பதே அந்த எண்ணம். எங்கள் வீட்டுத் தார் டப்பா வரை அது வந்து சேர்ந்தது.

இந்த நைட் செய்த இன்னொரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். ஏனெனில் காற்றுக்கும் மரத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் அளந்து காட்டிய சோதனைகளுள் அதுவும் ஒன்று. இளம் ஆப்பிள் மரங்களை அவர் முளைகளில் கட்டினார். அவை வடக்கு-தெற்காக மட்டும் காற்றில் ஆட முடியும். கிழக்கு-மேற்காக அசைய முடியாது. சில காலம் கழித்துத் தண்டின் குறுக்களவை அளந்தார். மரம் ஆடிய திசையில் தண்டு கூடுதலாகப் பருத்திருந்தது. 13க்கு 11 என்ற விகிதம்! 1803இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் இம்முடிவு வெளிவந்தது.

இதன் பொருள் என்ன? காற்று மரத்துக்கு எதிரி மட்டுமன்று, உடற்பயிற்சி ஆசிரியனும்கூட. ஆடும் மரம் எங்கே தகைவு அதிகமோ அங்கே கூடுதல் மரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கன்று நட்டதும் கழியோடு இறுக்கிக் கட்டிப் பல ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுகிறோமே, அந்த மரம் இந்தப் பயிற்சியைப் பெறாமலே வளர்கிறது. கட்டை அவிழ்த்த பின் வரும் முதல் பெருங்காற்றில் அது தவிப்பதில் வியப்பில்லை.

வழவழப்பான வெட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் தே கார் என்ற பிரபு கிளை கழிப்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிளையை அடிமரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் நிலக்கரித் தார் பூச வேண்டும் என்பது அவர் கூறிய முறை. நூல் பல பதிப்புகள் கண்டது. அமெரிக்கத் தாவர அறிஞர் சார்லஸ் சார்ஜென்ட் 1881இல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

அம்முறைக்கு ஒரு நியாயமும் இருந்தது. நீண்ட மொட்டைக் கட்டையை விட்டால் அது செத்து உளுத்துப்போகும். ஒட்டி வெட்டினால் காயத்தைச் சுற்றிப் புதுத் திசு தடித்த விளிம்பாக எழும்பி வரும். பார்ப்பவர்கள் ‘நன்றாக ஆறுகிறது’ என்பார்கள். உண்மையில் வெட்டுப் பெரிதாகப் பெரிதாகத்தான் அந்த விளிம்பும் பெரிதாக எழும்பியது. வெளியே தெரிந்ததைக் கொண்டு உள்ளே நடப்பதை அவர்கள் முடிவு செய்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கியால் பார்த்தவர் ஜெர்மனியின் ராபர்ட் ஹார்ட்டிக். மரம் தானாக அழுகுகிறது, அழுகிய மரத்தில் காளான் பிறக்கிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். 1870களில் ஹார்ட்டிக் இதைத் தலைகீழாக மாற்றினார். காயத்தின் வழியே புகும் பூஞ்சை இழைகளே மரத்தை உளுக்கச் செய்கின்றன என்று காட்டினார். மரநோயியலின் தந்தை என்று அவரைச் சொல்வதுண்டு.

பூஞ்சைதான் குற்றவாளி என்று தெரிந்ததும் வைத்தியமும் தீவிரமாயிற்று. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி ஒஹையோ மாநிலத்தின் கென்ட் நகரில் வாழ்ந்த ஜான் டேவி 1901இல் ‘மர வைத்தியர்’ என்ற நூலை வெளியிட்டார். வீட்டு மரங்களைப் பராமரிப்பது தனித் தொழிலாக வளர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பல் வைத்தியர் சொத்தைப் பல்லைச் சுரண்டி அடைப்பதுபோல, மரப்பொந்தை நல்ல மரம் தெரியும்வரை சுரண்டிச் சிமெண்டுக் காரையால் அடைத்தார்கள். மரத்தை நேசித்தவர்கள் செய்த வேலைதான் இது. ஆனால் ஓர் இயற்பியல் மாணவன் உடனே ஒரு கேள்வி கேட்பான்: ஆடி வளையும் மரத்துக்குள் வளையாத சிமெண்டு எப்படி இசைந்து நிற்கும்? இசைந்து நிற்கவில்லை. இரண்டும் உராய்ந்தன, இடைவெளி விழுந்தது, ஈரம் தங்கியது.

நெட்டுவாட்டில் அறுத்தவர்

இதற்கு விடை கண்டவர் அலெக்ஸ் ஷைகோ. 1930இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். 1959இல் அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். அவருடைய வெற்றிக்கு ஒரு கருவி துணையாக இருந்தது. அதுதான் சங்கிலி ரம்பம்.

முன்பு இருவர் தூக்கிப் பிடிக்க வேண்டிய கனமான எந்திரமாக இருந்த சங்கிலி ரம்பம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒருவரே கையாளும் அளவுக்கு இலகுவாயிற்று. அதன் பற்களின் அமைப்பும் மாறியது. ஒரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ், மரம் துளைக்கும் வண்டின் புழு பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறிக் கடிப்பதைக் கவனித்து 1940களில் புதிய சங்கிலியை வடிவமைத்தார். மரத்தின் எதிரியான ஒரு புழுவிடமிருந்து வந்த பாடம்!

அதுவரை ஆராய்ச்சியாளர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். ஷைகோ நெட்டுவாட்டில், அடியிலிருந்து நுனிவரை அறுத்துப் பார்த்தார். கிளை எப்படி அடிமரத்தோடு இணைகிறது, காயத்திலிருந்து உளுப்பு எந்த வழியாகப் பரவுகிறது என்பதெல்லாம் புத்தகத்தைத் திறந்தாற்போல் தெரிந்தது. தம் பணிக்காலத்தில் அவர் 15,000க்கும் மேற்பட்ட மரங்களை இப்படிப் பிளந்து ஆராய்ந்தார்.

அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தோலில் வெட்டு விழுந்தால் பழைய செல்கள் போன இடத்தில் புதிய செல்கள் வந்து நிரம்புகின்றன. மரம் அப்படிச் செய்வதில்லை, செய்ய முடியாது. காயம்பட்ட மரப்பகுதி என்றென்றைக்கும் காயம்பட்ட பகுதிதான். மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. தீப்பிடித்த அறையின் கதவுகளைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் குடியிருப்பது போன்றது இது. 1977இல் மார்க்ஸ் என்பவருடன் சேர்ந்து ஷைகோ இதை நான்கு சுவர்களாக விளக்கினார். முதல் சுவர் மேலும் கீழும் பரவுவதைத் தடுக்கிறது. இதுதான் மிகவும் வலுவற்றது. இரண்டாவது சுவர் ஆண்டு வளையத்தைத் தாண்டி உள்நோக்கிப் பரவுவதைத் தடுக்கிறது. மூன்றாவது பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கிறது. நான்காவது சுவரைக் காயம்பட்ட பின்பு பட்டைக்கடியிலுள்ள வளர்படை புதிதாகக் கட்டுகிறது. காயத்துக்குப் பின் வளரும் மரத்தை அதற்கு முன் இருந்த மரத்திலிருந்து பிரிக்கும் இந்தச் சுவரே மிக வலிமையானது. வெளி மரம் பச்சையாக இருக்க, உள் மரம் முழுதும் பொந்தாகும் விந்தைக்கு இதுவே காரணம்.

இப்போது சிமெண்டு அடைத்தவர்களின் பிழை புரிகிறதல்லவா? பொந்தைச் சுரண்டியபோது மரம் பாடுபட்டு எழுப்பிய சுவரையே அவர்கள் உடைத்துவிட்டார்கள்.

அடுத்தது கிளை. ஒரு மரக்கிளையின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டி போல ஒரு மேட்டு வளையம் தெரியும். அது கிளையைச் சேர்ந்ததன்று, அடிமரத்தைச் சேர்ந்தது. கிளை செத்து விழ நேர்ந்தால் பூஞ்சை அடிமரத்துக்குள் புகாதபடி தடுக்கும் காப்பு இந்தக் கழுத்தில்தான் அமைந்திருக்கிறது. அடிமரத்தோடு ஒட்டி வழவழப்பாக வெட்டும்போது இந்தக் கழுத்தும் போய்விடுகிறது. கிளையை வெட்டியதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அடிமரத்தையே காயப்படுத்திவிட்டோம்.

காயத்துக்குப் பூசும் மருந்துகளையும் ஷைகோ விட்டுவைக்கவில்லை. 13 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து 1983இல் முடிவை வெளியிட்டார். பூச்சுகள் உளுப்பைத் தடுக்கவில்லை. காயத்தை மறைத்தன, அவ்வளவுதான். எங்கள் வேம்புக்கும் 1998இலிருந்து 2011 வரை அதே 13 ஆண்டுகள்! நாங்கள் அறியாமலே அந்தச் சோதனையை வீட்டுக் கொல்லையில் இன்னொரு முறை செய்திருக்கிறோம்.

பொந்து மரம் எவ்வளவு தாங்கும்?

பொந்து விழுந்த மரமெல்லாம் விழுந்துவிடுமா? இல்லை. இதற்குக் கலிலியோவிடம் போக வேண்டும். 1638இல் வெளியான தமது கடைசி நூலில் அவர், பறவைகளின் எலும்பும் நாணல் தண்டும் உள்ளீடற்றுக் குழலாக இருந்தும் எவ்வாறு வலுவாக இருக்கின்றன என்று ஆராய்ந்தார். ஓர் உருளையை வளைக்கும்போது தகைவு வெளி விளிம்பில்தான் மிகுதி. நடுவில் ஏறத்தாழ இல்லை. ஆகவே நடு மரம் போனால் நஷ்டம் குறைவு.

கணக்கும் எளிது. பொந்தின் விட்டத்தை மரத்தின் விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணை நான்காம் படிக்கு உயர்த்துங்கள். அதுவே இழந்த வலிமையின் பங்கு. பொந்து பாதி விட்டம் என்றால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 6 விழுக்காடு. பொந்து பத்தில் ஏழு பங்கு என்றால் 24 விழுக்காடு. பத்தில் ஒன்பது என்றால் 66 விழுக்காடு! அதுவரை மெதுவாக ஏறும் இழப்பு பின்பு திடீரெனப் பாய்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவைச் சேர்ந்த இயற்பியலாளர் கிளாஸ் மாத்தெக், விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து ஒரு விதியைக் கூறினார். நல்ல மரத்தின் சுவர்க் கனம், மரத்தின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் குறைந்தால் ஆபத்து என்பது அவ்விதி. எல்லா மரங்களுக்கும் இது பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. என்றாலும் முதல் மதிப்பீட்டுக்கு அது உதவும்.

எங்கள் வேம்பின் குறுக்களவு இரண்டு சாண். ஆரம் ஒரு சாண். மூன்று விரல் கனம் என்பது அதில் கால் பங்குதான். போதாக்குறைக்கு ஒரு பக்கம் திறந்துவேறு கிடந்தது. சுற்றிலும் மூடிய குழலைவிடப் பிளந்த குழல் எளிதில் வளையும். ஒரு காகிதக் குழலை நீளவாட்டில் கத்தரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

காற்று போடும் கணக்கு

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பது பள்ளியில் படித்ததுதான். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று, நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பலகையின்மேல் சுமார் 23 கிலோ எடையளவு விசையைத் தரும். 140 கிலோமீட்டர் காற்றோ 92 கிலோ எடையளவு தரும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு!

நல்லவேளையாக மரம் பலகையன்று. அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீவன் வோகல் 1980களில் இலைகளைக் காற்றுக் கூண்டில் வைத்துப் பார்த்தார். காற்று ஏற ஏறச் சில இலைகள் கூம்பு போலச் சுருண்டு எதிர்ப்பைக் குறைத்துக்கொண்டன. கிளைகளும் பின்னோக்கி வளைந்து கொடுக்கின்றன. ஆகவே மரத்தின்மேல் விழும் விசை பலகைக் கணக்கைவிடக் குறைவு.

ஆயினும் விசை மட்டும் போதாது. அது எவ்வளவு உயரத்தில் செயல்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விசையை உயரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். அதுதான் மரத்தை முறிக்கிறது அல்லது வேரோடு பெயர்க்கிறது. காற்றை எதிர்க்கும் தழைப் பரப்பு 20 சதுர மீட்டர், அதன் மையம் 6 மீட்டர் உயரம் என்று கொள்வோம். நுனிக் கிளைகளை அளவாகக் குறைத்துப் பரப்பை 16 ஆகவும் மையத்தை 5 ஆகவும் ஆக்கினால், 120 என்ற பெருக்கம் 80 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு சுமை குறைந்துவிட்டது. நுனியைக் குறைப்பதில் உள்ள பலன் இதுதான்.

ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. எட்டும் இடத்திலுள்ள உட்கிளைகளையும் கீழ்க்கிளைகளையும் வழித்துவிட்டு, எட்டாத நுனியில் ஒரு கொத்துத் தழையை மட்டும் விட்டுவிடுவார்கள். ‘காற்று உள்ளே புகுந்து போகும்’ என்பார்கள். சிங்கத்தின் வாலைப் போல நுனியில் மட்டும் குஞ்சம்! இதனால் விசையின் மையம் மேலே ஏறுகிறது. இன்னொரு தீமையும் உண்டு. ஒரு மரம் ஆடும்போது அதன் கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அலைவு நேரத்தில் ஆடுகின்றன. ஒன்று முன்னே போகும்போது மற்றொன்று பின்னே வருகிறது. இப்படி ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று தணிக்கிறது. ஆஸ்திரேலியாவின் கென் ஜேம்ஸ் குழுவினர் பெருங்காற்றில் மரங்களில் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்து 2006இல் இதை விளக்கினர். உட்கிளைகளை வழித்துவிட்டால் தணிப்பவை போய்விடுகின்றன. ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவது போலக் காற்று தள்ளத் தள்ள, ஆட்டம் பெருகுகிறது.

உச்சியை மொட்டையடிப்பது இன்னொரு வழக்கம். அந்த ஆண்டு புயலுக்கு அது உதவலாம். ஆனால் வெட்டிய இடத்திலிருந்து கற்றையாகக் கிளம்பும் புதுத் துளிர்கள் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. இயல்பான கிளைபோல மரத்துக்குள் ஆழ ஊன்றியவையல்ல. நாலைந்து ஆண்டுகளில் அவை கனத்துவிடும். அடியில் வெட்டுப்புண் உளுத்திருக்கும். பின்பு வரும் காற்றில் கற்றை கற்றையாகப் பிய்ந்து விழும்.

புயல்கள் நடத்திய பாடம்

1987 அக்டோபர் 16 அதிகாலையில் தென் இங்கிலாந்தில் வீசிய பெருங்காற்று ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்தது. 1992 ஆகஸ்டில் ‘ஆண்ட்ரூ’ சூறாவளி அமெரிக்காவின் தென் புளோரிடாவைத் தாக்கியது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மேரி துர்யியா குழுவினர், ஒவ்வொரு சூறாவளிக்குப் பின்னும் வீட்டு மரங்களையும் தெரு மரங்களையும் எண்ணிப் பார்த்தனர். முறையாகக் கிளை கழிக்கப்பட்ட மரங்கள் கூடுதலாகத் தப்பின. தனித்து நின்றவற்றைவிடக் கூட்டமாக நின்றவை தப்பின. வேர் பரவ இடம் கிடைத்தவை தப்பின. தென் புளோரிடாவில் மண்ணுக்குரிய மரங்கள் அயல் மரங்களைவிட நன்றாகத் தாங்கின.

இந்த முடிவுகள் நமக்கு அந்நியமானவையா? 2016 டிசம்பர் 12இல் ‘வர்தா’ சென்னையைத் தாக்கியபோது விழுந்த மரங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பல மரங்கள் முறியவில்லை. தட்டுப்போல் பரந்த, ஆழமில்லாத வேரோடு பெயர்ந்து கிடந்தன. ஒரு பக்கம் சாலை, மறு பக்கம் சிமெண்டு நடைபாதை, நடுவே கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டிய பள்ளம். வேர் எங்கே போகும்? கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலாகவே இருப்பதால் வேர் ஆழம் போவதும் அரிது. தொடர்மழையில் ஊறிய மண்ணுக்குப் பிடிப்பும் குறைவு. அத்தகைய மரத்தைக் கிளை கழித்து மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

அடையாறு ஆலமரத்தின் கதை இதற்கு மறுபக்கம். 1989இல் புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆனால் விழுதுகள் ஊன்றி வளர்ந்த பகுதிகள் இன்றும் நிற்கின்றன. ஒரே தூணை நம்பாமல் பல தூண்களை ஊன்றிக்கொண்ட மரம் அது.

2018 நவம்பர் 16இல் ‘கஜா’ நாகை, தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேம்பு, மா போன்றதன்று, புல்லினத்துக்கு நெருங்கியது. அதற்கு வளர்படை இல்லை. தண்டில் ஓர் அரிவாள் வெட்டு விழுந்தால் அது ஆயுள்வரை வெட்டாகவே இருக்கும்; மூடிக்கொள்ளப் புது மரம் வளராது. குருத்து ஒன்றுதான், அது போனால் மரமே போயிற்று. ஏறுவதற்காகத் தண்டில் படி கொத்துவது, பச்சை மட்டைகளை வழித்து எடுப்பது இரண்டும் கூடாது. காய்ந்த மட்டையையும் நெற்றுக் குலைகளையும் புயலுக்கு முன் இறக்கிவிடுவது நல்லது. காற்றில் பறக்கும் தேங்காயின் வேகத்தை நான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு மரம்

கடலோரத்தில் வாழும் வாசகர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

வெட்டுவதற்கு முன் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா? ஒரு பக்கம் மண் மேலெழும்பியிருக்கிறதா? வேர்க்கழுத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? இரண்டு பெருங்கிளைகள் குறுகிய கவட்டையாக நெருங்கி, நடுவில் பட்டை உள்மடிந்திருக்கிறதா? மரச் சுத்தியலால் தட்டினால் பறை போல ஒலிக்கிறதா? இவற்றுள் பலவும் சேர்ந்து, மரமும் மக்கள் படுக்கும் அறையை நோக்கிச் சாய்ந்திருந்தால், எடுத்துவிடுவதே அறிவு. மரத்தின்மீது அன்பு வைப்பதும் ஆபத்தான மரத்தை அகற்றுவதும் முரண்பட்டவை அல்ல.

கழித்தால் போதும் என்றால், கோடையிலேயே தொடங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் தொடங்காதீர்கள். பெரிய கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு அறுங்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் முறிந்து விழும். கடைசியாக, மிஞ்சிய கட்டையைக் கழுத்து வளையத்துக்கு வெளியே, வளையத்தைத் தொடாமல் அறுத்து எடுங்கள். பூச்சு வேண்டாம். ஒரே ஆண்டில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். தழைதான் அந்தச் சுவர்களைக் கட்டும் மரத்துக்குச் சமையலறை.

உயரத்தில் செய்யும் வேலையைப் பழகிய ஆளிடம் விடுங்கள். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் ஏறவிடாதீர்கள். கிளை மின்கம்பியருகே இருந்தால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்த பிறகே அரிவாளைத் தொட வேண்டும். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். புயலுக்குப் பின் விழுந்த மரத்தை அறுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. வளைந்து கிடக்கும் கிளை இழுத்த வில். அறுத்ததும் எகிறி அடிக்கும்.

புதிதாக நடுகிறீர்களா? புன்னை, பூவரசு, புங்கு, வேம்பு என்று கடற்காற்றோடு பழகிய மரங்கள் நமக்கு உண்டு. வீட்டிலிருந்து தள்ளி நடுங்கள். முதல் ஐந்து ஆறு ஆண்டுகளில் விரல் கனக் கிளைகளைத் திருத்திவிட்டால், பின்னாளில் தொடைக் கனக் கிளையை அறுக்க நேராது. சிறு காயத்தை மரம் விரைவில் ஒதுக்கி மூடிவிடும்.

விழுந்த வேம்பின் அடிக்கட்டையிலிருந்து எழுந்த துளிர்களில் ஒன்றை விட்டுவைக்கலாம் என்றார் அப்பா. துளிரின் பிடிப்பைப் பற்றி நான் விளக்கியதும், அதற்குப் பத்தடி தள்ளி ஒரு கன்றை நட்டார். அதற்கு இப்போது வயது பதின்மூன்று. சென்ற ஆண்டு தாழ்ந்த கிளையொன்று கொட்டகைப் பக்கம் நீண்டது. கழுத்து வளையத்தைக் காட்டி, எங்கே அறுக்க வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். அப்பா கோட்டிலேயே அறுத்தார். இறங்கி வந்து நெடுநேரம் அந்த வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “சும்மா அப்படியே விட்டுடலாம்கிறே?” என்றார். “ஆமாம்ப்பா” என்றேன். கொட்டகைப் பரணில் அந்தப் பழைய தார் டப்பா இன்னும் இருக்கிறது.